காலும் தலையும்
(நினைவுச் சொற்பொழிவின் உரை வடிவம்)

 

எவர் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அவர் பெயர் எனக்குப் பின்னால் பதாகையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்த உரையிலும் அண்ணன் என்றே சொல்கிறேன்.

தலைப்பைச் சொன்னதும் இரண்டு தோழர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். தலித் இலக்கிய மேடையில் சேவல் சண்டையைப் பற்றியா பேசப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருவர் கேட்டது சட்டம் பற்றி. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில், பதினோராவது பிரிவில், விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது குற்றம் என்றே எழுதியிருக்கிறது. எனக்கும் தெரியும். இன்னொருவர் கேட்டது அதைவிடக் கடினமானது: "பறையடிக்கிறதப் பத்திப் பேசினோம், செருப்பு தைக்கிறதப் பத்திப் பேசினோம். இனி ஆண்டைக்குச் சேவல் புடிச்சதையும் பெருமையாப் பேசணுமா?" என்றார். அவருக்கு அப்போது பதில் சொல்ல வரவில்லை. இந்த உரையைப் பாதி அவருக்காகத்தான் எழுதினேன்.

அண்ணன்தான் என்னை இதை எழுதச் சொன்னவர். தையற்கடைக்குப் பின்னாலிருந்த அறையில் நம் கூட்டங்கள் நடந்த காலம். ஒருநாள் பேச்சு எங்கெங்கோ போய்ச் சேவலில் வந்து நின்றது. என் தாத்தா சேவலின் காலைப் பார்த்துச் செதில்களை எண்ணுவார் என்றேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எண்ணிட்டு என்ன சொல்லுவாரு?" என்றார். சொன்னேன். "சொன்னது பலிக்குமா?" என்றார். சொன்னேன். "இதை எழுதாம என்ன கவிதை எழுதிட்டிருக்கே?" என்று கையை விட்டார். எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று பதினோரு வருடம் கடத்தினேன். அவர் போய்விட்டார்.

எங்கள் ஊர் அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது. கரூர் பக்கத்தையும் தாராபுரம் பக்கத்தையும் அறிந்தவர்களுக்குச் சேவற்கட்டு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் வந்தால் பூலாம்வலசு என்ற பெயர் செய்தித்தாளில் வந்துவிடும். நாங்கள் அருந்ததியர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வெளியே தமிழ். தாத்தா ஒரு பண்ணையத்தில் இருந்தார். பண்ணாடிக்கு அறுபது ஏக்கர், இரண்டு கிணறு, பதினான்கு சேவல். தாத்தாவின் வேலை ஏற்றமும் ஏரும் என்று கணக்கு. ஆனால் விடியுமுன்னே அவர் செய்தது சேவல் வேலைதான். அதற்குத் தனிக் கூலி கிடையாது.

அந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எழுத்தில் இது வந்ததில்லை.

விடியற்காலையில் கூடையைத் தூக்கியதும் அவர் சேவலைத் தொடமாட்டார். முதலில் தரையைப் பார்ப்பார். எச்சம் கெட்டியாக, வெள்ளைத் தொப்பியோடு இருக்க வேண்டும். பச்சையாகக் கழிந்திருந்தால் அன்று அந்தச் சேவலுக்கு வேலை இல்லை. அப்புறம் தூக்குவார். இடது கை நெஞ்சுக்கடியில் போகும், வலது கை தீனிப்பையைத் தடவும்: இரவு தின்றது செரித்துவிட்டதா? கட்டைவிரல் நெஞ்செலும்பின் மேல் மேலிருந்து கீழே ஓடும். எலும்பு நேராக வருகிறதா, எங்காவது வளைகிறதா, இரண்டு பக்கமும் சதை ஒரே அளவா? பிறகு அலகைத் திறந்து மோந்து பார்ப்பார். கண்ணின் வெள்ளையைப் பார்ப்பார். அசில் சேவலுக்கு முத்துப்போல் வெளுத்த கண்தான் மதிப்பு. இளசில் மஞ்சளோடி இருக்கும், வயதேற வெளுக்கும். அதனால் கண்ணைப் பார்த்து வயதை ஒருவாறு சொல்லிவிடலாம். கொண்டையை எங்கள் பக்கம் பூ என்பார்கள். கத்திபோல் நிமிர்ந்த பூ எதிரியின் அலகுக்குப் பிடி கொடுக்கும், கிழிந்தால் ரத்தம் கண்ணில் இறங்கும். தலையோடு ஒட்டி அமுங்கிய பூ நல்லது. இதில் மந்திரம் எதுவுமில்லை. பிடிக்க இடம் கொடுக்காதது தப்பிக்கும், அவ்வளவுதான்.

கடைசியாகக் கால். காலைத் தொட்டதும் முதலில் சூடு பார்ப்பார். ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருந்தால் உள்ளங்காலில் கட்டி திரள்கிறது என்று பொருள். திருப்பிப் பார்த்தால் நடுவில் கறுப்பாக ஓர் ஆணி தெரியும். சுண்டுவிரலை அதன் விரல்களுக்கிடையே கொடுப்பார். சேவல் இறுக்கிப் பிடிக்கும். பிடிப்பின் பலத்தை வைத்து, "இவன் இன்னிக்கு நிப்பான்" என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் இறக்கிவிடுவார். முள்ளின் அடியைப் பெருவிரலால் அசைத்துப் பார்ப்பார். இளசில் வெறும் மொட்டு, தோலோடு அசையும். வயது ஏறினால் எலும்போடு இறுகிவிடும்.

அப்புறம்தான் செதில். முழங்காலுக்குக் கீழே விரல்வரை முன்பக்கத்தில் ஓடு அடுக்கியதுபோல் அகலச் செதில்கள் இறங்கும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் அரிசிமணிபோல் பொடிச் செதில்கள். தாத்தா முன்வரிசையை நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். ஒகட்டி, ரெண்டு, மூடு... எண்ணுவது தெலுங்கில், பலன் சொல்வது தமிழில். எண்ணுவது தனக்கு, சொல்வது பண்ணாடிக்கு என்று அதை நான் பின்னால் புரிந்துகொண்டேன். வரிசை நேராக இறங்க வேண்டும். முள்ளுக்கு நேரே வரும் செதில் முழுசாக இருக்க வேண்டும், பிளந்திருந்தால் ஆகாது. நடுவிரல் செதில்கள் இரண்டு காலிலும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு விதி வைத்திருந்தார். பக்கத்து ஊரில் இன்னொருவர் இதற்கு நேரெதிரான விதிகளை வைத்திருந்தார். அவரும் பெரிய ஆள்தான்.

இது நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. ஆந்திரத்தில் குக்குட சாஸ்திரம் என்று சேவலின் நிறத்தையும் நாளையும் திசையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். டேகா, காக்கி, நெமலி என்று அங்கே சொல்லும் நிறப்பெயர்கள் எங்கள் வீட்டிலும் புழங்கின: வல்லூறு, காகம், மயில். தமிழில் பஞ்சபட்சி இருக்கிறது. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என ஐந்து பறவைகள். ஊண், நடை, அரசு, துயில், சாவு என ஐந்து தொழில்கள். பண்ணாடி வீட்டுக்குப் பஞ்சாங்கத்தோடு வருகிற ஒருவர் இதைக் கணித்துச் சொல்வார். அவருக்குத் திண்ணையில் பாய், வெற்றிலை, தட்சிணை. தாத்தாவுக்குக் களத்தின் ஓரம். பிலிப்பைன்ஸ் நாட்டிலும் சேவல்காரர்கள் காலின் செதிலைப் படித்துப் பலன் சொல்கிறார்கள், அந்தக் கலைக்கு அங்கே காலிஸ்கிஸ் என்று பெயர். கடல் கடந்தும் பந்தயம் கட்டுகிறவனின் பயம் ஒன்றுதான் போலிருக்கிறது. முடிவை முன்கூட்டியே எங்காவது எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று அவன் ஏங்குகிறான். சேவலிடம் எழுத்துப்போல இருப்பது அந்தச் செதில் வரிசைதான்.

காலின் நிறத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். மஞ்சள் கால், வெள்ளைக் கால், பச்சைக் கால், கருங்கால் என்று பிரித்துப் பலன் சொல்வார்கள். உண்மையில் அங்கே இருப்பவை இரண்டே சாயங்கள். மேல்தோலில் மஞ்சள், உள்தோலில் கறுப்பு. மஞ்சள் மட்டும் இருந்தால் மஞ்சள் கால். இரண்டும் இல்லையென்றால் வெள்ளை. கறுப்பு மட்டும் இருந்தால் நீலம் பூத்த சாம்பல் நிறம். மஞ்சளுக்குக் கீழே கறுப்பு இருந்தால் நம் கண்ணுக்குப் பச்சை. பச்சைக்கால் சேவலில் பச்சை என்று ஒரு சாயமே கிடையாது. அந்த மஞ்சளும் சேவல் தானே உண்டாக்குவதல்ல, தின்கிற கீரையிலும் மக்காச்சோளத்திலும் இருந்து வருவது. தீனி குறைந்தால் வெளிறும். முட்டையிடும் கோழிக்குக் காலிலிருந்த மஞ்சள் கருவுக்குப் போய்விடும். தாத்தாவுக்கு இந்த வேதியியல் தெரியாது. ஆனால் சந்தையில் வெளிறிய காலோடு நிற்கும் சேவலைப் பார்த்து, "சேவல் மேல தப்பில்ல, வளத்தவன் ஊட்ல ஒண்ணுமில்ல" என்பார்.

இன்னொன்று. வீட்டுக்கோழி செந்நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்றே எல்லோரும் சொல்லிவந்தார்கள். 2008இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, பெரும்பாலான வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு செந்நிறக் காட்டுக்கோழியுடையதல்ல, சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று காட்டியது. சாம்பல் காட்டுக்கோழி நம் தென்னிந்திய மலைகளின் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக்காரர்கள் அதன் குரலைக் கேட்டிருப்பீர்கள். ஆக, சுத்த ஜாதிச் சேவல் என்று மஞ்சள் காலைக் காட்டி விலை சொல்கிறவன் கலப்பின் அடையாளத்தைக் காட்டித்தான் விலை சொல்கிறான். இதைப் படித்த அன்று அண்ணனிடம் சொன்னேன். அரைமணி நேரம் சிரித்தார்.

சிரிப்பு இருக்கட்டும். தாத்தா இதையெல்லாம் எங்கே கற்றார் என்று சொல்கிறேன்.

கட்டில் தோற்ற சேவலைக் கோச்சை என்பார்கள். கோச்சை ஜெயித்தவனுக்குச் சொந்தம். அந்தக் கறிக்கு அவ்வளவு ருசி என்று ஏலம் எடுப்பவர்களும் உண்டு. பாதாம்பருப்பும் முட்டையும் தின்று கிணற்றில் நீச்சலடித்து வளர்ந்த உடம்பல்லவா! பண்ணாடி ஜெயித்து வந்தால் அன்றிரவு தோப்பில் கோச்சை அறுப்பார்கள். அறுப்பதும் பொசுக்குவதும் எங்கள் ஆட்கள். கறி அவர்களுக்கு. காலும் தலையும் குடலும் எங்களுக்கு. என் பாட்டி காலைச் சுடுதண்ணீரில் போட்டு, செதிலை உரித்து, மிளகு தட்டிச் சாறு வைப்பார். தாத்தா ஜோடிக்கு ஒரு காலை மட்டும் பாட்டியிடம் கொடுக்கமாட்டார். உப்பும் சாம்பலும் தேய்த்து, அடுப்புக்கு மேலே புகைபடும் இடத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார். கயிற்றில் முடிச்சுகள் இருக்கும். எந்தக் கட்டு, எத்தனை தண்ணிக்கு நின்றது, எதனால் விழுந்தது எல்லாம் அந்த முடிச்சில்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அந்தக் கயிற்றில் நாற்பதுக்கு மேல் கால்கள் தொங்கின. மழைக்காலத்தில் வேலை இல்லாத நாளில் அவற்றை இறக்கி முறத்தில் பரப்புவார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து எண்ணுவார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் எண்ணுவேன். ஒருநாள் கேட்டேன்: "தாத்தா, இதெல்லாம் தோத்துப்போன சேவல்தானே? செதிலெல்லாம் நேராத்தானே இருக்குது?"

அவர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. "ஆமா கண்ணு" என்றார். "ஜெயிச்சதுக்கும் அப்பிடித்தான் இருக்குது. தோத்ததுக்கும் அப்பிடித்தான் இருக்குது. நான் பத்து வருசமா எண்ணிப் பாத்துட்டேன்."

பள்ளிக்கூடம் போகாத மனிதர் தோற்றவர்களின் கால்களைப் பத்து வருடம் சேர்த்து வைத்து, தான் சொல்லிவந்த சாஸ்திரத்தைத் தானே சோதித்து, அது பொய் என்று கண்டுபிடித்திருக்கிறார். சாமான்கள் கறிக்குப் பதிலாகக் கிடைத்த கழிவு. திண்ணையில் பாய் போட்டு உட்கார்ந்த பஞ்சாங்கக்காரருக்கு இந்தச் சோதனை செய்யத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கால் அவர் வீட்டுக்கு வராது.

அப்படியானால் ஏன் தொடர்ந்து செதில் பார்த்துப் பலன் சொன்னார்? தொலைபேசியில் கேட்ட தோழருக்கு என் பதில் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு தைப் பொங்கல் கட்டில், தாத்தா நன்றாக இருக்கிறது என்று சொன்ன சேவல் முதல் தண்ணியிலேயே விழுந்தது. பண்ணாடி பந்தயம் கட்டியிருந்த பணம் பெரிது. அந்த வருடக் கூலியில் மூன்று மூட்டைக் கம்பைப் பிடித்துக்கொண்டார். சேவலுக்கு முதல் நாளே மூச்சு இரைத்ததைத் தாத்தா கவனித்திருந்தார். சொல்லியும் இருந்தார். மூச்சைப் பற்றிச் சொன்னது பண்ணாடியின் காதில் ஏறவில்லை. பஞ்சாங்கக்காரர் அரசு வேளை என்று சொல்லியிருந்தார், நீயும் கால் நல்லாருக்குதுன்னு சொன்னயே என்பதுதான் வழக்கு. பஞ்சாங்கக்காரரின் தட்சிணையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அந்த வருடம் என் சின்ன அத்தைக்குப் பால்குடி மறக்காத பிள்ளை. அந்தப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. மாசியிலேயே போய்விட்டது. கம்பு இருந்திருந்தால் இருந்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. பாட்டி மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தாத்தா ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தச் சேவலைக் காட்டினாலும் ஒரு குறையை முதலிலேயே சொல்லி வைத்துவிடுவார். "எல்லாம் நல்லாத்தானுங்க பண்ணாடி இருக்குது. அந்த மூணாஞ் செதில் கொஞ்சம் சாஞ்சிருக்குதுங்க. மத்தபடி உங்க யோகமுங்க." தோற்றால் மூன்றாம் செதில் காரணம். ஜெயித்தால் பண்ணாடி யோகம். குறையில்லாத கால் உலகத்தில் இல்லாததால் தாத்தாவின் கம்பு மூட்டைக்கு அதன்பின் சேதாரம் வரவில்லை. உண்மையில் சேவல் முடியாமல் இருந்தால், மூச்சும் சூடும் எச்சமும் சரியில்லையென்றால், அதையும் செதிலின் பேரில்தான் சொல்வார். செதில் உடைஞ்சிருக்குது, இன்னிக்கு வேண்டாமுங்க என்றால் பண்ணாடி கேட்டுக்கொள்வார். மூச்சு இரைக்குது என்றால் "உனக்கென்னடா தெரியும்" என்பார். தான் கையால் அறிந்த மெய்யைச் சொல்வதற்கு அந்த மனிதருக்கு ஒரு பொய்யான மொழி தேவைப்பட்டது.

ஆகவே தோழரே, பெருமையாகப் பேசவில்லை. தாத்தாவின் அறிவை மூதாதையர் ஞானம் என்று சட்டம் போட்டு மாட்டவும் நான் தயாரில்லை. அதில் பாதி பயத்தில் விளைந்தது. அந்த வேலையின் முடிவில் ஓர் உயிர் கத்தியில் கிழிபட்டது என்பதையும் நான் மறைக்கவில்லை. தாத்தா அதைப் பார்க்கமாட்டார். கத்தி கட்டியதும் முதுகைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைப்பார். சேவல்மேல் பாசம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். என்னிடம் அவர் எதுவும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். உடம்பின் குறியைப் பார்த்துத் தகுதி சொல்லும் பழக்கம் சேவலோடு நிற்கவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த ரிஸ்லி, மூக்கின் அகலத்தைக் கொண்டே சாதியின் உயரத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்து எழுதிய நூலில் என்ன செய்தார் தெரியுமா? அளவுகளைத் தூக்கி எறியவில்லை. குர்யே தொகுத்த மூக்களவு எண்களையே எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார். பிராமணரின் அளவும் தீண்டப்படாதாரின் அளவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இவர்கள் ஆரியர் என்றால் அவர்களும் ஆரியர், இவர்கள் திராவிடர் என்றால் அவர்களும் திராவிடர் என்று முடித்தார். இனவேறுபாடு தீண்டாமைக்குக் காரணமில்லை என்பது அவர் முடிவு. அந்த அத்தியாயத்தை முதலில் படித்தபோது எனக்கு முறமும் காய்ந்த கால்களும்தான் நினைவுக்கு வந்தன. ஒப்பிடுவது மரியாதைக் குறைவு என்று யாராவது நினைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் எல்லோருடைய பள்ளிச் சான்றிதழிலும் அங்க அடையாளம் என்று இரண்டு வரி இருக்கும். எனக்கு எழுதியவர் என்னைத் தொடாமல், தூரத்தில் நிற்கவைத்துப் பார்த்து எழுதினார். இல்லாத மச்சம் ஒன்று இன்றுவரை என் இடது முழங்கையில் இருக்கிறது. பிறகு ஒரு வேலைக்கு நேர்காணல். எந்த அலுவலகம் என்று சொல்லத் தேவையில்லை. மூவர் உட்கார்ந்திருந்தார்கள். நான் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன். நடுவில் இருந்தவர் மேசைக்கு மேலாக எட்டி என் காலைப் பார்த்தார். வெடித்த குதிகால். "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊருக்குள்ளயா, வெளியவா?" என்றார். அந்தக் கணத்தில் அவர் எதை எண்ணுகிறார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேலை கிடைக்கவில்லை. அண்ணனிடம் சொன்னபோது, "உன் மூணாஞ் செதில் சாஞ்சிருக்குதுடா" என்றார்.

இலக்கியத்துக்கு வருகிறேன். சேவலுக்கு நம் மொழியில் குறையில்லாத இடம் உண்டு. உறையூருக்குக் கோழி என்றே பெயர், யானையைப் போரில் வென்ற கோழியின் கதை அதற்குச் சொல்லப்படுகிறது. குறுந்தொகையில் 305ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்து, குப்பைக் கோழியார் என்பதே பெயராகிவிட்டது. கூட்டிவந்து மோதவிடுவாரும் விலக்கிவிடுவாரும் இல்லாமல் குப்பைமேட்டில் நடக்கும் கோழிச் சண்டையைக் காதலியின் துயருக்கு உவமை சொன்னவர் அவர். நான் படித்தவரையில் சேவல் சண்டையைக் குப்பைமேட்டிலிருந்து பார்த்த ஒரே கவிஞர். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலும், மதுராந்தகம் பக்கம் இந்தளூரிலும் சண்டையில் செத்த கோழிகளுக்கு நடுகல் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை. ஒன்று முகையூர் மேற்சேரிக் கோழி. இன்னொன்று கீழ்ச்சேரிக் கோழி, அதற்குப் பொற்கொற்றி என்று பெயர்கூட உண்டு. சேரி என்ற சொல்லைக் கண்டதும் நம்மில் சிலர் துள்ளி எழுந்து கட்டுரை எழுதினார்கள். அவசரம் வேண்டாம். அன்று சேரி என்றால் ஊரின் ஒரு குடியிருப்புப் பகுதி, இன்றைய பொருள் பின்னால் ஏறியது. நான் அந்தக் கல்லில் தேடியது வேறு. கோழிக்குக் கல் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. விடியற்காலையில் அதன் எச்சத்தைக் குனிந்து பார்த்தவர் யார் என்று அதில் இல்லை.

பிற்காலத்திலும் பெரிய மாற்றமில்லை. ம. தவசியின் 'சேவல்கட்டு' நாவல் 2011இல் சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் பெற்றது. அதே ஆண்டு வந்த 'ஆடுகளம்' மதுரைச் சேவற்கட்டை நாடு முழுக்கக் கொண்டுபோனது. மதிக்கிறேன். பாலித் தீவின் சேவல் சண்டை பற்றிய கிளிஃபோர்ட் கீர்ட்ஸின் கட்டுரை மானிடவியல் மாணவர்களுக்குப் பாடம். நடுவில் பெரும் பந்தயம் கட்டும் ஆண்களின் கௌரவத்தை அவர் நுணுக்கமாக எழுதுகிறார். களத்தின் ஓரத்தில் சில்லறைச் சூதாடும் ஏழைகளும் பெண்களும் இழிவாகக் கருதப்பட்டவர்களும் வந்து உடனே போய்விடுகிறார்கள். ஓரத்தில் நின்றவர்களை எழுத நாம்தான் இருக்கிறோம். அண்ணன் கேட்டதும் அதைத்தான்.

ஒரு சேவலின் கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

பண்ணாடி வீட்டுக் குஞ்சுகளில் ஒன்று வளரும்போதே கழிக்கப்பட்டது. வல்லூறு நிறம், நல்ல உடம்பு. இடது காலில் முள்ளுக்கு நேரே செதில் உடைந்து, மேலும் கீழும் வரிசை கோணியிருந்தது. பஞ்சாங்கக்காரர் பார்த்துவிட்டு, பிறவிக் குறை, வீட்டில் வைத்திருந்தால் வீட்டுக்கே ஆகாது என்றார். "மாதாரி, கொண்டுபோய் அறுத்துத் தின்னுக்க" என்று பண்ணாடி தாத்தாவிடம் கொடுத்தார். தாத்தா அறுக்கவில்லை. எங்கள் குடிசைக்குப் பின்னால் வேலியோரம் வளர்த்தார். பாதாம் இல்லை, முட்டை இல்லை. கரையான் புற்றை இடித்துப் போடுவார், ஆற்றில் நீந்தவிடுவார். அது கூவினால் ஊருக்குள் கேட்கும். கேட்டதுதான் வினை. ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் பண்ணாடி வாசலில் வந்து நின்று பார்த்தார். "நம்ம குஞ்சுதானேடா இது" என்றார். தாத்தா, "ஆமாமுங்க" என்றார். அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு போனார்கள்.

மூன்று கட்டு ஜெயித்தது. உடைந்த செதில்தான் அதன் பலம் என்று பஞ்சாங்கக்காரர் இப்போது வேறு சுலோகம் சொன்னார். நான்காவது கட்டு, எட்டு மைல் தள்ளி ஓர் ஊரில். கழுத்தில் கத்தி இறங்கியது. கோச்சையை ஜெயித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பண்ணாடி வண்டி கட்டித் திரும்பிவிட்டார். தாத்தா வண்டியில் ஏறவில்லை. அந்த ஊர்ச் சக்கிலித்தெருவுக்கு நடந்து போய், கோச்சை அறுத்த ஆட்கள் யார் என்று விசாரித்து, ராத்திரி அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, காலைக் கேட்டிருக்கிறார். அவர்களுக்கும் கிடைத்தது காலும் தலையும்தான். ஒரு கட்டுப் பீடிக்குக் கொடுத்தார்கள். விடியும்போது வீடு வந்தார். அந்த ஒரு தடவை மட்டும் இரண்டு காலையும் கயிற்றில் கட்டினார். முடிச்சு எதுவும் போடவில்லை.

குடிசை போய்த் தொகுப்பு வீடு வந்தபோது கயிறு போயிற்று. பூச்சி அரித்ததும் எலி தின்றதும் போக ஏழு கால்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் என்னிடம் இருக்கின்றன. இந்த உரைக்காகப் போன வாரம் எடுத்துப் பரப்பினேன். என் மகள் கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். செதில் தூக்கிக்கொண்டு நின்ற ஒன்றைக் காட்டி, இது செதிலுக்குள் பூச்சி புகுந்தது, வேப்பெண்ணெய் போட்டிருந்தாலே சரியாகியிருக்கும் என்றாள். பிறகு அந்த ஜோடியை எடுத்தாள். உடைந்த செதில் இருந்த காலையும் மற்றதையும் விளக்கடியில் வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது பொறவிக் குறை இல்லப்பா" என்றாள். "அந்தக் கால்ல ஒண்ணுமே இல்ல பாருங்க. இது மட்டும் சுத்திவரப் பள்ளம் விழுந்திருக்கு. குஞ்சா இருந்தப்போ யாரோ கயிறு கட்டி அவுக்க மறந்திருக்காங்க. கால் வளர வளர இறுக்கியிருக்கு."